கருக்குழாய் நோய்கள்: மருத்துவமும் மார்க்கமும்

மக்கட்பேற்றை இறைவனின் அருட்கொடையாகப் போற்றும் சமுதாயம் நம்முடையது. பெண்மக்களைத் தருபவனும், ஆண்மக்களைத் தருபவனும், இருபாலரையும் சேர்த்துத் தருபவனும், தான் நாடியோரைப் பிள்ளையற்றோராக ஆக்குபவனும் அல்லாஹ்வே என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் 'அஷ்ஷூரா' அத்தியாயம் (42:49-50) எடுத்துரைக்கிறது. பிள்ளையின்மை அங்கே ஒரு குற்றமாகவோ தண்டனையாகவோ கூறப்படவில்லை என்பது கூர்ந்து நோக்கத் தக்கது. நடைமுறையோ வேறாக இருக்கிறது. நிக்காஹ் நிகழ்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தும் தொட்டில் கட்டப்படாத வீட்டில், விசாரணைக்கு உள்ளாகிறவள் பெரும்பாலும் பெண்ணே. 'மலடி' என்ற சொல் அவள்மீது எளிதாக விழுந்துவிடுகிறது. அச்சொல்லுக்குப் பின்னால் பல வேளைகளில் மறைந்திருப்பது நான்கு அங்குல நீளமுள்ள ஒரு மெல்லிய குழாயின் நோய்தான். அக்குழாய் யாது, அதற்கு நோய் எவ்வாறு வருகிறது, அந்நோயின்போது மார்க்கம் காட்டும் நெறி எது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நாமக்கல் தரும் எடுத்துக்காட்டு

நாமக்கல் என்றவுடன் எவர் நினைவிலும் எழுபவை இரண்டு: லாரி, முட்டை. இவ்விரண்டுமே நம் பொருளோடு தொடர்புடையவை. முதலில் முட்டையைப் பார்ப்போம்.

தென்னிந்தியாவின் முட்டை உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் நாமக்கல் பகுதியின் பண்ணையாளர்கள் கோழியின் உடலமைப்பை நன்கறிந்தவர்கள். கோழிக்கு இடப்புறத்து முட்டைக்குழாய் மட்டுமே வளர்ச்சியடைந்து செயற்படுகிறது. சினைப்பையிலிருந்து உதிரும் மஞ்சள் கரு, அக்குழாயின் புனல் போன்ற வாயில் விழுந்து, வெண்கரு சூழப்பெற்று, சவ்வு போர்த்து, ஓடு ஏறி வெளிவர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. தொற்று மூச்சுக்குழாய் அழற்சி என்னும் வைரஸ் நோய், பொரித்த முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரு குஞ்சைத் தாக்குமானால், அது மூச்சுக்குழாயோடு நில்லாமல் வளர்ந்துவரும் முட்டைக்குழாயையும் நிரந்தரமாகச் சிதைத்துவிடக் கூடும். குஞ்சு பிழைத்து வளரும்; கொண்டை சிவக்கும்; உடல் பொலிவாகவே இருக்கும். ஆனால் முட்டையிடும் பருவம் வந்தும் முட்டை வராது. சினைப்பையில் கரு உருவாகி உதிர்ந்தாலும் அது செல்ல வேண்டிய வழி அடைபட்டிருக்கும். கோழி மருத்துவ நூல்கள் இவற்றைப் 'போலி முட்டைக்கோழிகள்' என்று குறிப்பிடுகின்றன.

பெண்ணைக் கோழியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று; அவ்வாறு ஒப்பிடுதல் முறையும் ஆகாது. பண்ணையாளர் கேட்கும் கேள்வியின் நேர்மையைச் சுட்டவே இதனைக் கூறினோம். முட்டையிடாத கோழியைக் கண்டால், குஞ்சுப் பருவத்தில் இதற்கு என்ன நோய் வந்தது, தடுப்பூசி முறையாகப் போடப்பட்டதா, நோய் எங்கிருந்து தொற்றியது என்றே அவர் வினவுகிறார். வீட்டில் பிள்ளை பெறாத மருமகளைப் பற்றி இக்கேள்விகளுள் ஒன்றையேனும் நாம் கேட்கிறோமா? காரணத்தைத் தேடும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். இது எல்லாச் சமயத்தாரிடத்தும் காணப்படும் குறை. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு 2010இல் வெளிவந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல், பிள்ளையில்லாத் தம்பதியர்மீது ஊரும் உறவும் சுமத்தும் பாரத்தையே கதைப் பொருளாகக் கொண்டது.

குழாயின் அமைப்பும் பணியும்

கருப்பையின் மேற்பகுதியில் இருபுறமும் கைகள் விரித்தாற்போல் நீண்டிருக்கும் இரு குழாய்களே கருக்குழாய்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. இத்தாலிய நாட்டு உடற்கூறு அறிஞர் கேப்ரியேல் ஃபெலோப்பியோ 1561இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றைத் தெளிவாக விவரித்தார். ஒருமுனை குறுகி மறுமுனை எக்காளம் போல் விரிந்திருந்தமையால் எக்காளத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையே இதற்குப் பெயராக இட்டார். 'ஃபெலோப்பியன் குழாய்' என்ற வழக்கு அவர் பெயரால் வந்தது.

குழாயின் விரிந்த முனையில் விரல்கள் போன்ற இழைகள் உள்ளன. சினைப்பை மாதந்தோறும் வெளியிடும் கருமுட்டையை இவ்விழைகள் வாங்கிக் குழாய்க்குள் செலுத்துகின்றன. கருமுட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்ப்புடன் இருக்கும். அதற்குள் குழாயின் அகன்ற நடுப்பகுதியில் விந்தணுவைச் சந்தித்தால் கரு உருவாகிறது. அக்கரு உடனே கருப்பைக்குச் சென்றுவிடுவதில்லை. மூன்று நான்கு நாட்கள் குழாயிலேயே தங்கி, செல்கள் பெருகி, பின்னர் மெல்ல நகர்ந்து கருப்பையை அடைகிறது. அதனை நகர்த்துபவை குழாயின் உட்சுவரில் பயிர் போல் அசையும் நுண்மயிர்களும், சுவர்த் தசையின் மென்மையான சுருக்கங்களும் ஆகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். கருக்குழாய் வெறும் வழி என்று கருதுதல் கூடாது. வாங்குதல், சந்திக்கச் செய்தல், பேணுதல், கொண்டு சேர்த்தல் என நான்கு பணிகளை அது ஆற்றுகிறது. ஆகவே குழாய் திறந்திருந்தும் நுண்மயிர்கள் அழிந்திருந்தால் அது பயனற்றதாகிவிடலாம். கரு பாதி வழியில் நின்றுவிடவும் கூடும். கருக்குழாய் நோய்களால் விளையும் இரு பெருந்தீங்குகளான பிள்ளையின்மையும் குழாய்க் கர்ப்பமும் இங்கிருந்தே தோன்றுகின்றன.

அழற்சியும் அடைப்பும்

கருக்குழாய் நோய்களுள் முதன்மையானது அழற்சி. பிறப்புறுப்பின் வழியாக மேலேறும் கிருமிகள் கருப்பையைக் கடந்து குழாய்களை அடைந்து புண்ணாக்குகின்றன. புண் ஆறும்போது தழும்பு உண்டாகிறது. உட்சுவரின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. விரல் போன்ற இழைகள் மூடிக்கொள்கின்றன. வெளிமுனை மூடியபின் உள்ளே நீர் கோத்துக் குழாய் உப்பி நிற்பதும் உண்டு. இதனை மருத்துவர்கள் ஹைட்ரோசால்பிங்ஸ் என்பர்.

கிருமிகள் வரும் வழிகள் பல. தூய்மையற்ற முறையில் நிகழ்ந்த பிரசவம், கருச்சிதைவுக்குப்பின் உண்டாகும் சீழ்த்தொற்று, குடல்வால் வெடித்து வயிற்றறையில் பரவும் சீழ் ஆகியவை குழாய்களைப் பாதிக்கும். கருப்பையின் உட்படலம் இடம் மாறி வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயும் குழாய்களைச் சுற்றி ஒட்டுதல்களை உண்டாக்கும். இவற்றினும் பரவலான காரணம் பால்வினைத் தொற்று. கொனோரியா என்னும் வெட்டை நோயும், கிளமிடியா என்னும் நுண்கிருமியும் இவற்றுள் தலையாயவை. கிளமிடியா தொற்றிய பெண்களுள் பெரும்பாலோர் எந்த அறிகுறியையும் உணர்வதில்லை. லேசான அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்ற அளவில் அது கடந்துபோகலாம். ஆண்டுகள் சில கழிந்தபின் பிள்ளையில்லாக் காரணத்தை ஆராயும்போதே சேதம் வெளிப்படுகிறது.

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் மருத்துவர் வெஸ்ட்ரோமும் அவருடைய குழுவினரும் இத்தகைய அழற்சிக்கு உள்ளான பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1992இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. ஒருமுறை அழற்சி கண்டவர்களுள் குழாய்ச் சேதத்தால் பிள்ளையற்றுப் போனோர் 100க்கு 8 பேர். இருமுறை கண்டவர்களுள் ஏறத்தாழ 20 பேர். மும்முறை கண்டவர்களுள் 40 பேர். சிகிச்சை தாமதிக்குந்தோறும், தொற்று திரும்புந்தோறும் இழப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதே இக்கணக்கு உணர்த்தும் பாடம்.

இனி, நாமக்கல்லின் மற்றோர் அடையாளமான லாரிக்கு வருவோம். லாரிக் கூண்டு கட்டும் தொழிலாலும், நாடெங்கும் ஓடும் சரக்கு வண்டிகளாலும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாலும் இவ்வட்டாரம் வாழ்கிறது. ஓட்டுநரும் ரிக் தொழிலாளரும் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வீட்டைப் பிரிந்திருக்கின்றனர். 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் எச்.ஐ.வி. தொற்று மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாக நாமக்கல் எண்ணப்பட்டது. சென்னையின் தன்னார்வ சுகாதாரச் சேவை நிறுவனம் 1995 முதல் நடத்திய எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் நெடுஞ்சாலை ஓட்டுநர்களைத் தன் முதன்மைக் குழுவினருள் ஒருவராகக் கொண்டது. எச்.ஐ.வி. செல்லும் வழியிலேயே குழாய்களை அடைக்கும் ஏனைய தொற்றுகளும் செல்கின்றன. முன்னதைப் பற்றி ஊரெங்கும் பேசப்பட்டது. பின்னவை பற்றிப் பேசியோர் குறைவு.

இதனைக் கொண்டு ஓட்டுநர் அனைவரையும் ஐயுறுதல் பெரும் அநீதியாகும். அவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்துக்காக உறக்கத்தைத் துறந்து உழைப்பவர்கள். எத்தொழில் செய்பவராயினும், வெளியூரிலோ வெளிநாட்டிலோ தனித்திருக்கும் ஓர் ஆண் நெறி பிறழ்ந்து நோய் கொண்டால், அந்நோய் அவன் மனைவியிடம் வந்து சேரும் என்பதே நாம் கூற விழைவது. அவன் சிறுநீர்க் கடுப்புக்கு மாத்திரை விழுங்கிக் குணமடைந்துவிடுவான். அவள் குழாயில் தழும்பு நிலைத்துவிடும். பின்னர் ஊர் அவளை மலடி என்னும்; சில வேளைகளில் அவனுக்கு மறுமணம் பேசவும் முற்படும். பிறருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்ற நபிமொழியிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த பொது விதி இங்கே நேரடியாகப் பொருந்தும். நோயை மறைத்து மனைவியோடு சேர்தல் அவளுக்கு இழைக்கும் தீங்கு; சிகிச்சையைத் தனக்கு மட்டும் செய்துகொள்ளுதலும் தீங்கே. பால்வினைத் தொற்றுக்கான மருந்தைக் கணவனும் மனைவியும் ஒரே காலத்தில் உட்கொள்ளாவிடில் நோய் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் மீண்டும் செல்லும் என்பது மருத்துவ விதி.

காசநோய் என்னும் மறைந்த காரணம்

நெறி தவறாத இல்லங்களிலும் கருக்குழாய் அடைபடுவது உண்டு. நம் நாட்டில் அதற்கு முக்கியக் காரணம் காசநோய். காசநோய் என்றால் நுரையீரல் நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். இளமையில் நுரையீரலில் புகுந்த கிருமி, இரத்த ஓட்டத்தின் வழியே கருக்குழாய்களைச் சென்றடைந்து அங்கே உறங்கிக் கிடக்கக் கூடும். பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோயில் 100க்கு 90க்கும் மேற்பட்டோருக்கு முதலில் பாதிக்கப்படுவது குழாய்களே. பெரும்பாலும் இரு குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. கருப்பையின் உட்படலம் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பாதிக்கப்படுகிறது.

இருமல் இராது, காய்ச்சல் இராது, எடை குறைதலும் இராமற் போகலாம். மாதவிடாய் குறைந்துபோதல், அடிவயிற்றில் மந்தமான வலி ஆகியவை தோன்றலாம். ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். பிள்ளை இல்லை என்பதொன்றே பலருக்கு முதல் அறிகுறி. கருப்பை உட்படலத்தின் திசுவை எடுத்துச் சோதிப்பதாலும், மரபணு அடிப்படையிலான சோதனைகளாலும், லேப்ராஸ்கோப்பி மூலம் நேரில் காண்பதாலும் இதனைக் கண்டறிகின்றனர். ஆறு மாத மருந்து நோயைக் குணப்படுத்தும். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம். ஆயினும் கிருமி அழிந்தபின்னும் ஏற்கெனவே உண்டான தழும்பு நீங்குவதில்லை. ஆகையால் குடும்பத்தில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளையும் சோதனைக்கு உட்படுத்துதல் இன்றியமையாதது. திருமணப் பேச்சு நின்றுவிடுமே என்று அஞ்சி மகளின் நோயை மறைக்கும் பெற்றோர், அவள் பிற்காலத்தில் தாயாகும் வாய்ப்பையே மறைத்துவிடுகின்றனர்.

குழாயின் புற்றுநோய் அரிதாகவே காணப்படுகிறது எனினும் ஒரு புதிய உண்மையைக் குறிப்பிட வேண்டும். சினைப்பைப் புற்று என்று நெடுங்காலம் கருதப்பட்டவற்றுள் கொடிய வகை பல, கருக்குழாயின் இழைமுனையிலேயே தொடங்குகின்றன என்பது 2000களில் நிகழ்ந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. தாய்வழியிலோ தந்தைவழியிலோ மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் மிகுந்த குடும்பத்துப் பெண்கள் மருத்துவரிடம் இதனைக் கூறுதல் நலம்.

இடம் மாறிய கரு

கருக்குழாய் நோய்களுள் உயிரைப் பறிக்கவல்லது குழாய்க் கர்ப்பம். குழாயின் சேதத்தால் கரு பாதி வழியில் நின்று அங்கேயே வேரூன்றிவிடுகிறது. நூறு கர்ப்பங்களுள் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு கருப்பைக்கு வெளியே அமைகின்றன. அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை குழாயிலேயே நிகழ்கின்றன.

கருப்பைக்கு வெளியே கரு வளர்ந்த நிகழ்ச்சியை முதன்முதலில் பதிவு செய்தவர் என்று மருத்துவ வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடுவது, அந்தலூசியாவின் அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (கி.பி. 936-1013) அவர்களையே. 'அத்தஸ்ரீஃப்' என்னும் அவரது பெருநூலின் முப்பதாம் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. கருவிலேயே சிசு இறந்து, பின்னர் மீண்டும் கருவுற்று அதுவும் இறந்த ஒரு பெண்மணிக்கு நெடுநாள் கழித்துத் தொப்புள் அருகே வீக்கம் எழுந்து சீழ் வடிந்ததையும், அப்புண்ணிலிருந்து எலும்புகள் வெளிப்பட்டதையும், அவை சிசுவின் எலும்புகளே என்று தாம் உணர்ந்து பலவற்றை அகற்றியதையும், அப்பெண் உயிர் பிழைத்ததையும் அவர் அதில் விவரிக்கிறார். அக்காலத்தில் வேறெந்த விளக்கமும் எளிதில் கூறியிருக்கலாம். கண்ட எலும்பை எலும்பென்றே எழுதிய அந்த நேர்மைதான் முஸ்லிம் மருத்துவ மரபின் பெருமை.

வெடித்த குழாயை அறுவை செய்து அகற்றித் தாயைக் காப்பாற்றும் முறை இதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே வழக்கில் வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லாசன் டெய்ட் 1883இல் இதனை வெற்றியுடன் செய்து காட்டினார். இன்று இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனின் அளவும் ஸ்கேன் பரிசோதனையும் குழாய் வெடிக்கும் முன்பே உண்மையைக் காட்டிவிடுகின்றன. ஆரம்ப நிலையில் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தே போதுமானதாக அமையலாம். இன்றேல் லேப்ராஸ்கோப்பி அறுவை தேவைப்படும்.

ஆகவே அறிகுறிகளை ஆண்களும் பெண்களும் அறிந்திருத்தல் வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போய் ஆறு முதல் எட்டு வாரங்களில், அடிவயிற்றின் ஒருபுறம் வலி, சிறிதளவு இரத்தப்போக்கு, தோள்பட்டையின் நுனியில் வலி, தலைச்சுற்றல், மயக்கம் ஆகியவை தோன்றினால் காத்திருத்தல் கூடாது. சூட்டு வலி என்று கஷாயம் கொடுத்தும், கணவர் ஊரிலிருந்து வரட்டும் என்று பொறுத்தும் இழந்த உயிர்கள் உண்டு. பிள்ளைக்காக நெடுநாள் ஏங்கிய பெண்ணுக்கே இந்நிலை வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், வந்த கருவை இழக்க மனமின்றித் தயங்குவதும் இயல்பே.

'இது கருக்கலைப்பு ஆகாதா?' என்ற ஐயம் இத்தருணத்தில் பக்தியுள்ள குடும்பங்களில் எழுவதுண்டு. குழாயில் நின்ற கருவை எந்த மருத்துவத்தாலும் பிள்ளையாக வளர்த்தெடுக்க இயலாது; விட்டுவைத்தால் தாயும் இறக்க நேரிடும். உயிரைப் பேணுதல் ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. கருவுக்கு 120 நாட்கள் நிறைந்த பின்னரும்கூட, தாயின் உயிருக்கு உறுதியான ஆபத்து உண்டென்று நம்பத்தக்க மருத்துவர் குழு கூறினால் கருவை அகற்றலாம் என மக்காவிலுள்ள ராபித்தாவின் ஃபிக்ஹுப் பேரவை 1990இல் தீர்மானித்தது. குழாய்க் கர்ப்பமோ அதற்கு மிகவும் முற்பட்ட வாரங்களில் வெளிப்படுவது. ஆதலால் இதில் தயக்கத்துக்கு இடமே இல்லை. ஃபத்வா கேட்டு வரும்வரை அறுவையை நிறுத்திவைக்க வேண்டியதும் இல்லை.

கண்டறிதலும் சிகிச்சையும்

குழாய் திறந்துள்ளதா என்பதை அறியக் கருப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்-ரே எடுக்கும் எச்.எஸ்.ஜி. சோதனை பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளது. சோதனையின்போது குழாய் அச்சத்தாலோ வலியாலோ சுருங்கிக்கொண்டால் அடைப்புப் போலவே தோன்றக் கூடும். எனவே ஒரே ஒரு படத்தைக் கொண்டு 'டியூப் அடைப்பு' என்று முடிவுகட்டாமல், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி மூலம் உறுதி செய்வர். பெண் மருத்துவர் கிடைக்கும்போது அவரையே நாடுதல் நம் வழக்கம், அது நன்று. கிடைக்காதபோது தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை ஃபிக்ஹு அனுமதிக்கிறது. வெட்கத்தைக் காரணம் காட்டிச் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை.

சேதம் குறைவாயின் ஒட்டுதல்களை நீக்கியும், மூடிய முனையைத் திறந்தும் அறுவை செய்வர். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் கட்டப்பட்ட குழாயை மீண்டும் இணைக்கும் முறையும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் ஏற்கெனவே குழாய் கட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்கு இவ்வறுவையை இலவசமாகச் செய்ய அன்றைய தமிழக அரசு ஏற்பாடு செய்தது. நாகப்பட்டினம், கடலூர்க் கடற்கரைச் சிற்றூர்களில் சில தொட்டில்கள் மீண்டும் ஆடின.

குழாய்கள் முற்றிலும் பழுதுபட்டோருக்கு உள்ள வழி, உடலுக்கு வெளியே கருத்தரிக்கச் செய்தலாகும். இம்முறை தோன்றியதே அடைபட்ட குழாயின் பொருட்டுத்தான். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் தாய்க்கு இரு குழாய்களும் அடைபட்டிருந்தன. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்தியாயின் முயற்சியால் பிறந்த குழந்தையின் தாயும் அத்தகையவரே. அம்மருத்துவரை அன்றைய அதிகாரிகள் நம்பாமல் எள்ளி நகையாடினர்; 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்; பெருமை அவரை இறந்தபின்னரே வந்தடைந்தது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையால் 1990இல் பிறந்தது. நீர் கோத்து உப்பிய குழாய் உள்ளவர்களுக்கு அதனை முன்கூட்டியே அகற்றினாலோ அடைத்துவிட்டாலோ இச்சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு உயர்கிறது என்பதும் இன்று உறுதிப்பட்ட உண்மை.

மார்க்க அறிஞர்கள் இதில் காலம் தாழ்த்தவில்லை. எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷெய்கு ஜாதுல் ஹக் அலீ ஜாதுல் ஹக் 1980இலேயே, கணவனின் விந்தணுவும் மனைவியின் கருமுட்டையும் சேர்ந்து உருவாகும் கருவை அம்மனைவியின் கருப்பையிலேயே வைப்பது கூடும் என்று தீர்ப்பளித்தார். 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை, செயற்கைக் கருத்தரிப்பின் ஏழு முறைகளை ஆராய்ந்தது. கணவன், மனைவி என்ற இருவருக்குள் அமையும் இரண்டை அனுமதித்தது. பிறர் விந்தணு, பிறர் கருமுட்டை, பிறர் கருப்பை ஆகியவற்றை நாடும் ஐந்தை விலக்கியது. வம்சத் தூய்மையைப் பேணுதலே இதன் அடிப்படை. இவ்வெல்லையின் பொருளை நம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்றே உணர்த்தும். ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டை பலமுறை எடுக்கப்பட்டுப் பணத்துக்கு விற்கப்பட்ட கொடுமை 2022இல் வெளிப்பட்டு நாட்டையே உலுக்கியது. 2021இல் இயற்றப்பட்ட உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. மருத்துவமனை பரிந்துரைக்கும் ஒவ்வொரு படியிலும், யாருடைய விந்தணு, யாருடைய முட்டை என்று கேட்டு எழுத்தில் பெறுதல் நம் உரிமை, நம் கடமையும்கூட.

நம் கடமை

நோய்க்கு மருந்து தேடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் என்பதும், முதுமை ஒன்றைத் தவிர மருந்தில்லா நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்பதும் அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் காணப்படும் செய்தி. துஆ கேட்பதும் நேர்ச்சை வைப்பதும் மட்டுமே போதும் என்று ஆண்டுகளைக் கழிப்பது இவ்வறிவுரைக்குப் பொருந்தாது. குழாய் நோயில் காலமே முதல் மருந்து.

சோதனை மனைவியிடம் தொடங்கி அவளோடு முடிவதும் முறையன்று. பிள்ளையில்லா இணையருள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணிடத்திலும் குறை காணப்படுகிறது. விந்தணுப் பரிசோதனை எளியது, மலிவானது, வலியற்றது. அதைச் செய்துகொள்ளாத ஒருவருக்கு, மனைவியைக் குறைகூறவோ அக்காரணம் காட்டி மறுமணம் நாடவோ எந்த நியாயமும் இல்லை. ஜக்கரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை வேண்டி இறைஞ்சியதை 'மர்யம்' அத்தியாயம் கூறும் முறை சிந்திக்கத் தக்கது. அவர்கள் முதலில் முறையிட்டது தம் எலும்புகளின் தளர்ச்சியையும் தம் தலையின் நரையையும். மனைவியின் நிலையை அதன் பின்னரே குறிப்பிட்டார்கள். இறைத்தூதர் ஒருவர் தம் குறையை முன்வைத்துப் பேசியிருக்க, நம் வீட்டு ஆண்கள் ஏன் தயங்க வேண்டும்?

சிகிச்சை பலனளிக்காத இல்லங்களும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாழ்வையே. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தோழியர்க்கெல்லாம் பிள்ளைப் பெயரால் அழைக்கும் சிறப்புப் பெயர் இருக்கத் தமக்கு இல்லையே என்று அவர்கள் கூறியபோது, சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்று அழைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்த அன்னை அறிவித்த நபிமொழிகள் 2,000க்கும் மேற்பட்டவை. நம்பிக்கையாளர் அனைவரின் தாயாக இன்றும் அவர்கள் போற்றப்படுகிறார்கள். இவ்வரலாற்றை மீலாது மேடையில் பேசிவிட்டு, வீட்டுக்குத் திரும்பி மருமகளைப் பார்த்து 'மலடி' என்று சொல்லும் நா நமக்கு எவ்வாறு வாய்த்தது?

நம் ஜமாஅத்துகள் இதில் செய்யக் கூடியவை எளியவை. நிக்காஹுக்கு முன் நடத்தும் ஆலோசனையில் தொற்றுநோய்ச் சோதனையைச் சேர்க்கலாம். பெண்கள் மதரஸாக்களில் மருத்துவர் ஒருவரை அழைத்துக் குழாய்க் கர்ப்பத்தின் அறிகுறிகளை விளக்கச் செய்யலாம். பிள்ளையில்லாக் காரணத்தால் தலாக் கோரி வரும் கணவரிடம், இருவருக்கும் செய்த பரிசோதனை முடிவுகளை முதலில் கொண்டுவருமாறு ஜமாஅத் பெரியவர்கள் கேட்கலாம். அந்த ஒரு கேள்வியே பல மணமுறிவுகளைத் தடுத்து நிறுத்தும்.

பண்ணையாளர் தம் கோழிக்காகக் கேட்கும் கேள்வியை நாம் நம் பெண்மக்களுக்காகவும் கேட்கத் தொடங்குவோம். காரணத்தைத் தேடுவது மனிதன் கடமை. பலனைத் தருவது அல்லாஹ்வின் நாட்டம். கடமையைச் செய்யாமல் நாட்டத்தின்மீதும், மனைவியின்மீதும் பழி சுமத்துவதிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக.